இருவைக் காற்றின் திசை

மாலத்தீவின் வடபகுதியிலுள்ள ஒரு சிறு தீவின் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்த அன்று, வீட்டில் மற்றவர்கள் எல்லாம் சம்பளத்தையும் ஒப்பந்த காலத்தையும் விடுமுறைக்கு ஊர் வந்துபோகும் சௌகரியத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, என் மனம் மாத்திரம் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தது: அந்த ஊரில் காற்று எப்படி? நாகர்கோயிலிலிருந்து தொலைபேசியில் அழைத்த அம்மாவுக்கும் அதே கவலைதான். "மக்களே, அங்கெ ஒனக்கு இழுப்பு வந்தா ஆஸ்பத்திரிக்கு எங்கெ போவே? சுத்தியும் கடலுல்லா கெடக்கு" என்று கேட்டாள். அதற்கு அந்தக் கணத்தில் என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடிச் சென்ற இரண்டு மாத காலத்தில் நான் அறிந்துகொண்டவற்றை, என்னைப் போலவே நெஞ்சில் ஈளையும் கையில் பாடப்புத்தகமுமாகப் பிற தேசத்துக்குப் புறப்படும் ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணி இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த வியாதி என் தேகத்தில் குடியேறியது ஏழு வயதில். நாஞ்சில் நாட்டில் இதற்கு இழுப்பு என்று பெயர். திருவனந்தபுரத்தார் வலிவ் என்கிறார்கள். மூச்சைக் கயிறுபோலப் பற்றி இழுக்க வேண்டியிருக்கும் அந்த அவஸ்தையை இரண்டு மொழிக்காரர்களும் ஒரே விதமாகக் கண்டு பெயரிட்டிருப்பதை, திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்துக்கு வந்த புதிதில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றபோது கவனித்து வியந்தேன். மூச்சை வெளியே விடுவதில்தான் உண்மையான இடர்ப்பாடு என்று வைத்தியம் கூறும். ஆயினும் பட்டவருடைய ஞாபகத்தில் இழுத்ததே தங்குகிறது. இவ்வூருக்கு வருமுன் வளைகுடா நாடொன்றில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். மணற்காற்று வீசிய ஒரே பருவத்தில் மூன்று முறை அவசர சிகிச்சைக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, ஒப்பந்தம் முடியுமுன்பே திரும்பி வந்தேன். என்னை அனுப்பிவைத்த தரகர் விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாவற்றையும் விளக்கினாரே தவிரக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இம்முறை கேட்டு அறியாமல் பெட்டி கட்டுவதில்லை என்று நிச்சயித்துக்கொண்டேன்.

கழக்கூட்டத்துக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. 1990-இல் டெக்னோபார்க் தோன்றிய பிறகு கிராமத்துச் சாயல் மெல்ல மெல்ல நீங்கி, அடுக்குமாடிகளும் விடுதிகளும் உணவகங்களும் நெருங்கி வளர்ந்த ஊர் இது. தேசிய நெடுஞ்சாலையின் மேல் சுமார் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்பாலம் எழும்பிய ஆண்டுகளில், தூண்களுக்குக் குழி தோண்டிய செம்மண்ணும் சிமெண்டுத் தூளும் வாகனப் புகையோடு கலந்து, பேருந்துக்குக் காத்து நிற்கும் பத்து நிமிஷத்தில் புடவைத் தலைப்பின் நிறத்தையே மாற்றிவிடும். 2022-இன் இறுதியில் பாலம் திறக்கப்பட்ட பின் அந்தத் தூசி அடங்கியது. எனக்கு இழுப்பு அடங்கவில்லை. அதுமட்டுமல்ல, தூசி பறக்கும் மாசி பங்குனியைவிட, மழை பெய்து உலகமே கழுவிவிட்டதுபோல் இருக்கும் இடவப்பாதிக் காலத்தில்தான் எனக்கு அதிகத் துன்பம். பக்கத்திலுள்ள காரியவட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் எண்ணைக் கைபேசியில் பார்த்தால் ஆனி ஆடி மாதங்களில் காற்று நன்றாகவே இருப்பதாகக் காட்டும். அந்த நல்ல காற்றில்தான் நான் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகு குனிந்து உட்கார்ந்திருப்பேன்.

இந்த முரண்பாட்டின் சூட்சுமம், மாலத்தீவுக் கடிதத்தைக் காட்டி யோசனை கேட்கப்போன இடத்தில்தான் எனக்கு விளங்கியது. நகரத்தில் ஒவ்வாமை வைத்தியம் பார்க்கும் ஓர் அம்மையார், "போகலாமா கூடாதா என்பதை அப்புறம் பார்ப்போம், முதலில் உங்களுக்கு எது ஆகாது என்று தெரிந்துகொள்வோம்" என்று சொல்லி, தும்மலுக்கு நான் விழுங்கும் மாத்திரைகளை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். குறித்த நாளில் என் இடது முன்கையின் உட்புறத்தில் பேனாவால் இரண்டு வரிசையாக எண்களைக் குறித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் ஒரு சொட்டுத் திரவம் வைத்து, ஊசி முனையால் சொட்டின் ஊடே தோலை மெல்லக் கீறினார்கள். இரத்தம் வரவில்லை; எறும்பு கடித்த அளவுகூட வலியில்லை. ஒரு சொட்டு வெறும் உப்புநீர். இன்னொன்று எவருக்கும் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின். மற்றவை கரப்பான், பூஞ்சைகள், புல்லின் மகரந்தம், பூனை ரோமம், வீட்டுத் தூசியில் வாழும் உண்ணி. அசையாமல் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நிமிஷத்திலேயே மூன்றாவது எண்ணின் அருகில் அரிப்பெடுத்தது. பத்தாம் நிமிஷத்தில் கொசுக்கடிபோல் வெளுத்த மேடு ஒன்று எழும்பி, அதைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தது. பதினைந்தாம் நிமிஷம் அந்த அம்மையார் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது மேடு மட்டும் எட்டு மில்லிமீட்டர் இருந்தது. மூன்று மில்லிமீட்டர் இருந்தாலே ஒவ்வாமை என்று கொள்வார்களாம். அது தூசி உண்ணியின் சொட்டு. ஒரு பூஞ்சைக்கும் சிறு மேடு எழுந்திருந்தது. மற்ற இடங்களில் தோல் சலனமற்றுக் கிடந்தது.

தூசி உண்ணி கண்ணுக்குப் புலப்படாத ஜீவன். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளந்தான் இருக்கும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று, தலையணையிலும் மெத்தையிலும் அது வாழ்கிறது. அதற்குத் தண்ணீர் குடிக்கும் வழி கிடையாது. காற்றிலுள்ள ஈரத்தையே உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே காற்றின் ஈரப்பதம் பாதிக்கும் கீழே நெடுநாள் நின்றால் வற்றி இறந்துபோகும். மழைக்காலத்துக் கேரளம்போல் ஈரம் கனத்த இடத்தில் பெருகிச் செழிக்கும். அதன் உடலைவிட அதன் கழிவே நமக்குத் தீங்கு செய்வது. என் அறையில் அலமாரிக்குப் பின்புறச் சுவரில் ஆண்டுதோறும் பூப்பல் படர்வதையும், என் தலையணை பதினோரு வருஷமாக அதே இலவம்பஞ்சுத் தலையணையாக இருப்பதையும் எண்ணிப் பார்த்தேன். காரியவட்டத்து நிலையம் புகைத்துகளையும் வாயுக்களையும் அளக்கிறதேயன்றி என் தலையணையை அளப்பதில்லை. காற்றுத் தரக் குறியீடு என்று நாம் பார்க்கும் எண்ணில் ஒவ்வாமைப் பொருள்கள் சேர்வதே இல்லை என்பதை, பௌதிக ஆசிரியையாக இருந்தும், அதுவரை நான் யோசித்ததில்லை.

இங்கே ஒரு பேதத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "அலர்ஜி" என்றே சொல்லிவிடுகிறோம். ஒவ்வாமை என்பது, தேகம் ஒரு குறிப்பிட்ட பொருளைப் பகையென்று தவறாக அடையாளம் கண்டு போர் தொடுப்பது. உண்ணியால் எனக்கு வரும் தும்மல் என் வீட்டுக்காரருக்கு வராது. புகையும் மண்தூசியும் அப்படிப்பட்டவையல்ல. அவை யாருடைய சுவாசக் குழாயையும் உறுத்தும்; ஏற்கெனவே ஒவ்வாமையால் வீங்கிச் சிவந்திருக்கும் குழாயை மும்மடங்கு உறுத்தும். வளைகுடாவில் என்னை வீழ்த்தியது மணல் மாத்திரமன்று; நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடிய, ஜன்னல் திறவாத அறையில் போட்டிருந்த கனத்த கம்பளமும் அதற்குத் துணை நின்றிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். ஆகையால் "அந்த ஊரில் காற்று எப்படி" என்ற என் ஒரு கேள்வி இரண்டாகப் பிரிந்தது: வெளியே என்ன புகை? உள்ளே என்ன ஈரம்? இரண்டாவதற்கு விடை எளிது. மாலத்தீவும் ஈர பூமிதான். உண்ணி என்னோடு கப்பலேற வேண்டியதில்லை, அங்கேயே காத்திருக்கும். வெந்நீரில் துவைக்கக்கூடிய உறைகளும், மெத்தையையும் தலையணையையும் முழுதாக மூடித் தைத்த நெருங்கிய நெசவுத் துணியும், தினந்தோறும் தவறாமல் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரும் அதற்குப் பரிகாரம். இழுப்பு வந்தபின் எடுக்கும் நீல இன்ஹேலரை மாத்திரம் நம்பி நாள் கடத்துவது, கூரை ஒழுகும்போதெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டே இருந்து ஓட்டை அடைக்காமல் விடுவதைப் போன்றது என்று அந்த அம்மையார் சொன்னதை மறவேன்.

முதல் கேள்விக்கு விடை தேடி, மாலத்தீவில் எட்டு வருஷம் கணிதம் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்று மேனம்குளத்தில் வசிக்கும் ஒரு மாஷைப் பார்க்கப் போனேன். இந்தப் பிரதேசத்திலிருந்தும் தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்தும் தலைமுறையாக ஆசிரியர்கள் அந்தத் தீவுகளுக்குப் போய்வருகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலே சுமார் 600 கிலோமீட்டர்தான், தில்லியைவிட எத்தனையோ பங்கு அருகு. மாஷ் சொன்னார்: "டீச்சரே, ஹுல்ஹாங்கு மாசங்களில் பயமே வேண்டாம். தெற்கும் மேற்கும் வெறும் கடல். அந்தக் காற்றைக் குப்பியில் அடைத்து விற்கலாம். இருவை வந்தால்தான் கவனிக்கணும். ஜனவரி, பிப்ரவரியில் சில நாள் எதிர்த்த தீவே கண்ணுக்குத் தெரியாது. மூடுபனி என்று முதல் வருஷம் நினைச்சேன். மூடுபனிக்கு இந்தச் சூட்டில் என்ன வேலை?"

மாலத்தீவின் திவேஹி மொழியில் ஹுல்ஹாங்கு என்பது தென்மேற்குப் பருவக்காற்று, இருவை என்பது வடகிழக்குப் பருவக்காற்று. நம் முன்னோர் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் பகுத்தார்கள். அவ்விரண்டுக்கும் நடுவிலிருந்து வீசுவது தீவாருக்கு இருவை. தீவுகளுக்கு வடகிழக்கே இருப்பது எது என்று நிலப்படத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. நாம்தான் இருக்கிறோம்.

எதிர்த்த தீவை மறைக்கும் அந்தப் பழுப்புத் திரையின் வரலாறு நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. 1999-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச்சு வரை இந்துமகா சமுத்திரத்தின் மீது நடந்த பெரும் ஆராய்ச்சி அது. இண்டோயெக்ஸ் என்று பெயர். தலைமை வகித்தவர்கள் இருவர். ஒருவர் ஓசோன் ஆராய்ச்சிக்காக 1995-இல் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன்; மற்றவர் தமிழகத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, அமெரிக்கா சென்று வாயுமண்டல விஞ்ஞானியாக உயர்ந்த வீரபத்திரன் ராமநாதன். மாலத்தீவின் காஷிதூ என்னும் தீவில் ஆய்வு நிலையம் அமைத்து, விமானங்களும் கப்பல்களும் செயற்கைக் கோள்களும் துணை நிற்க அவர்கள் அளந்தபோது, தென் ஆசியாவிலிருந்து புறப்பட்ட புகைமண்டலம் சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில், கடல்மட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உயரம்வரை கவிந்திருப்பது தெரிந்தது. கரியும் கந்தக உப்புகளும் சாம்பலும் மண்தூசியும் கலந்த அந்தத் திரை, கடலின் மேல் விழும் சூரிய ஒளியில் ஏறத்தாழப் பத்து சதவீதத்தை மறைத்துவிட்டது. பூமத்தியரேகையைத் தாண்டித் தெற்கே போன கருவிகளோ தெளிந்த ஆகாயத்தைக் கண்டன. தொழிற்சாலையே இல்லாத, பவளம் வளரும் ஒரு தீவில் வசிப்பவன், தான் ஒருகாலும் காணாத அடுப்புகளின் புகையை மூன்று மாதம் சுவாசிக்கிறான்.

அடுப்பு என்று நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வடக்கே ஹனிமாதூ தீவில் பிடித்த கரித்துகளின் கார்பனை வயதறியும் முறையால் பரிசோதித்தார்கள். நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவையாதலால் அவற்றில் கதிரியக்கக் கார்பன் எஞ்சியிராது; விறகிலும் வைக்கோலிலும் சருகிலும் இருக்கும். அந்தக் கணக்கின்படி, கரித்துகளில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை விறகு, சாணம், பயிர்த்தாள் முதலியவற்றை எரித்ததால் வந்தது என்று தெரிந்தது. எனக்குப் பணி கிடைத்திருக்கும் தீவு ஹனிமாதூவுக்கு வெகு தூரத்தில் இல்லை.

இதையெல்லாம் படித்த வாரத்தில் ஒரு மாலை தும்பாக் கடற்கரைக்குப் போயிருந்தேன். கழக்கூட்டத்திலிருந்து சிறிது தூரந்தான். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து கிளம்பிய, இந்திய மண்ணிலிருந்து சென்ற முதல் ஆராய்ச்சி ராக்கெட், உயரத்தில் சோடியம் ஆவியை வெளியிட்டு, அந்த மேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கொண்டு மேல்வானத்துக் காற்றை அறியும் பொருட்டே ஏவப்பட்டது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்போது பள்ளிச் சிறுவர். அந்தி நேரத்தில் வானம் ஆரஞ்சாகக் கோடிழுத்ததைப் பார்த்து மீன் காயப்போட்டிருந்த பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டதாகச் சொல்வார். அந்த ராக்கெட் தள வளாகத்தைச் சேர்ந்த விண்வெளி பௌதிக ஆய்வகம் 1980-களிலிருந்து இவ்வூர் ஆகாயத்தில் மிதக்கும் துகள்களை அளந்து வருகிறது. இண்டோயெக்ஸ் காலத்தில் மினிக்காய்த் தீவிலும் அவர்கள் கருவி வைத்திருந்தார்கள். பிற தேசத்துக் காற்றைப் பற்றி நான் தேடிய அறிவில் ஒரு பகுதி, நான் ஒன்பது வருஷமாகக் கறிகாய் வாங்கப்போகும் சாலையின் கோடியில் சேர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் பக்கத்து வீட்டுச் சேச்சி முற்றத்தைப் பெருக்கி, பலாவும் மாவும் உதிர்த்த கரியிலையைக் கூட்டித் தீ வைத்தார். மார்கழி மாதம்; தரைக்காற்று கடலை நோக்கி மெல்ல நகரும் நேரம். வெண்புகை மதிலோரமாகத் தாழ்ந்து படர்ந்து, தென்னைகளுக்கு இடையே மேற்கே போயிற்று. இத்தனை நாளும் இந்தப் புகைக்கு நான் ஜன்னலை மூடிக்கொண்டதுண்டு. அது போகும் இடத்தைப் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. மதிலருகே போய் விஷயத்தைச் சொன்னேன். குற்றம் சொல்வதாக அவர் எண்ணிவிடக் கூடாதே என்று அஞ்சி, எங்கள் வீட்டுச் சருகையும் சேர்த்துத்தான் சொன்னேன். நாங்களும் அதுவரை எரித்தவர்கள்தாம். "ஈ புகை அவிடெ வரெ எத்துமோ டீச்சரே?" என்று அவர் வியந்தார். ஒரு முற்றத்துப் புகை மட்டும் எட்டாது, ஆனால் எத்தனை முற்றங்கள் என்று கணக்குப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சற்று நேரம் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய மகன் வந்து, பலா மரத்தடியில் குழி எடுத்துத் தருவதாகச் சொன்னான். இரண்டு வீட்டுச் சருகும் இப்போது அதில் விழுகிறது. அடியில் மண்புழு வந்துவிட்டது.

மாலேயைப் பற்றி நீளமாக எழுத எனக்கு அனுபவமில்லை. இரண்டு சதுர கிலோமீட்டர் அளவுள்ள தீவில் அத்தனை ஜனநெருக்கமும் மோட்டார் சைக்கிளும் கட்டட வேலையும் இருப்பதால் அங்கே நெடுநாள் தங்க நேர்ந்தால் எனக்குச் சிரமமே. நகரத்துக் குப்பை திலஃபுஷி என்னும் செயற்கைத் தீவில் குவிக்கப்பட்டு, முப்பது வருஷம் போல் திறந்தவெளியில் எரிக்கப்பட்டது. 2021-இல்தான் அந்த எரிப்பு நிறுத்தப்பட்டது. ஆனால் இந்திய உதவியுடன் எழுந்த இந்திராகாந்தி நினைவு மருத்துவமனை மாலேயில்தான் இருக்கிறது. மிகக் கடுமையான தாக்குதல் வந்தால் என்னை அங்கே கொண்டுபோக நேரலாம்.

கடைசியாக, பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இவள் நோயாளி என்று நினைத்து நியமனத்தை ரத்துசெய்துவிடுவார்களோ என்ற பயம் கையைப் பிடித்து இழுக்கத்தான் செய்தது. வளைகுடாவை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். வகுப்பறையில் சாக்கட்டியா, வெள்ளைப் பலகையா? தூசி பறக்காத சாக்கட்டி சிலவற்றில் பால் புரதம் சேர்க்கப்படுவதால் பால் ஒவ்வாத குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது என்பதைக் குறிப்பிட்டுக் கேட்டேன். சுகாதார நிலையத்தில் நெபுலைசர் உண்டா? ஆக்ஸிஜன் உண்டா? தங்கும் அறையின் சுவர் மழையில் கசியுமா, ஜன்னல்கள் எதிரெதிரே இருக்கின்றனவா? தீவின் குப்பையை எங்கே எரிக்கிறீர்கள்?

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. என் ஒவ்வொரு கேள்வியையும் எடுத்தெழுதி அதன்கீழ் விடை எழுதியிருந்தார். வெள்ளைப் பலகைதான். நெபுலைசர் உண்டு, ஆக்ஸிஜன் உருளை இரண்டு உண்டு. தம் மகளுக்கும் இதே வியாதி என்று ஒரு வரி. குப்பை தீவின் வடமுனையில் குவிக்கப்படுகிறது. எரிப்பதைக் குறைக்க முயன்று வருகிறார்கள், இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஆசிரியர் குடியிருப்பு தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அதாவது, இருவை வீசும் மாதங்களில் அந்தப் புகை நேராகக் குடியிருப்பின்மேல் போகும். இதை அவர் எழுதவில்லை. அவர் அனுப்பிய தீவின் படத்தின்மேல் நான் பென்சிலால் ஓர் அம்பு வரைந்து தெரிந்துகொண்டேன். கிழக்குக் கரையில் வேறு வீடு கிடைக்குமா என்று திரும்ப எழுதினேன். ஒரு மீனவர் குடும்பத்தின் மாடியறை காலியாக இருக்கிறதாம். வாடகையில் ஒரு பகுதி என் சம்பளத்திலிருந்து போகும். சரியென்று எழுதிவிட்டேன்.

மெத்தை உறை தைத்து வந்துவிட்டது. இன்ஹேலர்களும் மருத்துவச் சீட்டும் கைப்பையில் இருக்கின்றன, பெட்டியில் வைக்கவில்லை. அம்மா நேற்றும் அழைத்தாள். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே, சுகாதார நிலையம் என் அறையிலிருந்து எத்தனை எட்டு என்று அவளுக்குச் சொன்னேன்.